ரெண்டு முறை தோற்றவர் மூன்றாவது முறை ஜெயித்தது எப்படி? பார்பரா ஜோர்டன் கதையும் தொகுதிக் கோடும்

ஒரே ஊர். ஒரே கட்சி. ஒரே வேட்பாளர். பேச்சிலும் பெரிய மாற்றமில்லை, கொள்கையிலும் பெரிய மாற்றமில்லை. 1962-ல் தோல்வி, 1964-ல் தோல்வி. 1966-ல் மட்டும் எதிராளியைப் போல ரெண்டு மடங்கு ஓட்டு வாங்கி வெற்றி.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரில் நடந்த கதை இது. அந்த வேட்பாளரின் பெயர் பார்பரா ஜோர்டன். பின்னாளில் அதிபர் நிக்சனுக்கு எதிரான வாட்டர்கேட் விசாரணையில் ஒரே ஒரு உரையால் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தவர். அந்த உரை பலருக்கும் தெரியும். அதற்கு எட்டு வருஷம் முன்பு அவர் மாநில செனட் வேட்பாளராக நின்ற கதை அவ்வளவாகத் தெரியாது. தேர்தலில் யார் ஜெயிப்பார் என்பது, ஓட்டுப் போடுவதற்கு முன்பே, தொகுதி வரைபடத்தில் எவ்வளவு தூரம் முடிவாகிவிடுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

தொகுதி மறுவரையறை பற்றி நம் ஊரிலும் தினமும் பேச்சு ஓடும் நேரத்தில், அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

யார் இந்த பார்பரா ஜோர்டன்?

1936 பிப்ரவரி 21-ம் தேதி ஹூஸ்டனின் ஐந்தாவது வார்டில் பிறந்தார். கறுப்பினத்தவர் நெருக்கமாக வாழ்ந்த ஏழைப் பகுதி அது. அப்பா பெஞ்சமின் ஜோர்டன் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார், பாப்டிஸ்ட் சபையில் போதகராகவும் இருந்தார். அம்மா ஆர்லின். மூன்று பெண் பிள்ளைகளில் பார்பராதான் கடைசி.

வீட்டில் அப்பா கண்டிப்பு. மார்க் குறைந்தால் கேள்வி வரும். செல்லம் கொடுத்தவர் அம்மா வழித் தாத்தா ஜான் எட் பேட்டன். பழைய இரும்பும் காகிதமும் வாங்கி விற்கும் வியாபாரம் அவருக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் பேத்தியும் கூடப் போய் உதவுவார். அடுத்தவரைப் பார்த்து நடக்காதே, உன் சொந்தக் காலில் நில் என்று தாத்தா சொல்லிக் கொடுத்ததுதான் தன்னை உருவாக்கியது என்பதை பார்பரா பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

அவர் வளர்ந்த டெக்சஸில் பள்ளிக்கூடம், பேருந்து, உணவகம் எல்லாமே நிறம் பார்த்துப் பிரிக்கப்பட்டிருந்தது. அரசியலும் அப்படித்தான். அங்கே ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் வெள்ளையர் மட்டுமே ஓட்டுப் போடலாம் என்ற ஏற்பாடு இருந்தது. மாநிலத்தில் வேறு கட்சிக்குப் பலமே இல்லாததால் அந்த உட்கட்சித் தேர்தலில் ஜெயித்தவர்தான் பதவிக்கு வருவார். அதில் ஓட்டு இல்லை என்றால், ஓட்டுரிமையே இல்லை என்றுதான் அர்த்தம். ஹூஸ்டனைச் சேர்ந்த லோனி ஸ்மித் என்ற கறுப்பினப் பல் மருத்துவர் தொடுத்த வழக்கில் 1944-ல்தான் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லாது என்றது. அப்போது பார்பராவுக்கு எட்டு வயது.

பிலிஸ் வீட்லி உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, சிகாகோவிலிருந்து எடித் சாம்ப்சன் என்ற கறுப்பினப் பெண் வழக்கறிஞர் பேச வந்தார். அந்தப் பேச்சைக் கேட்ட அன்றே, தானும் வக்கீல் ஆகப் போவதாக முடிவு செய்துவிட்டார் பார்பரா. ஒரு பெண், அதுவும் கறுப்பினப் பெண், வக்கீல் ஆவதை அவர் அதற்கு முன்பு பார்த்ததே இல்லை.

கல்லூரிப் படிப்பு டெக்சஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தில். அது எப்படி வந்தது தெரியுமா? மாநிலத்தின் பெரிய சட்டக் கல்லூரியில் கறுப்பின மாணவர் ஒருவர் இடம் கேட்டு வழக்குப் போட்டார். அவரை அங்கே சேர்ப்பதைத் தவிர்க்க, கறுப்பினத்தவருக்கென்றே 1947-ல் அரசு அவசரமாக உருவாக்கிய பல்கலைக்கழகம் அது. அங்கே விவாதக் குழுவில் பார்பரா ஜொலித்தார். ஹார்வர்டு அணியுடன் மோதி அவருடைய அணி சமநிலை பெற்றது. அந்தப் போட்டிகளுக்காக காரில் தென் மாநிலங்களைக் கடக்கும்போது, சாப்பிட ஒரு கடை கிடைக்காது, கழிப்பறை கிடைக்காது. மேடையில் சமம், ரோட்டில் இல்லை.

1956-ல் பட்டம். 1959-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் சட்டம் முடித்தார். ஊர் திரும்பியதும் ஆபீஸ் போட வசதி இல்லை. அப்பா அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான் முதல் வக்கீல் ஆபீஸ்.

அரசியலுக்கு எப்படி வந்தார்?

1960 அதிபர் தேர்தலில் கென்னடி, ஜான்சன் கூட்டணிக்காக ஹூஸ்டனில் தொண்டராகப் போனார். முதலில் கொடுத்த வேலை தபால் உறைகளில் முகவரி ஒட்டுவது. ஒருநாள் கூட்டத்தில் பேச வேண்டியவர் வரவில்லை. இவரை அனுப்பினார்கள். அந்தக் கனத்த, நிதானமான குரலைக் கேட்ட பிறகு யாரும் அவரை முகவரி ஒட்ட விடவில்லை.

கறுப்பினத்தவர் வாழும் தெருக்களில், ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு ஆளைப் போட்டு ஓட்டர்களைச் சாவடிக்குக் கொண்டுவரும் ஏற்பாட்டை அவர் முன்னின்று நடத்தினார். நம் ஊர் பூத் கமிட்டி மாதிரிதான். எந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள், யாருக்கு ஓட்டு இருக்கிறது என்று விரல் நுனியில் வைத்திருந்தார். ஆறு வருஷம் கழித்து அவரை ஜெயிக்க வைத்ததில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு.

மாநில செனட் என்றால் என்ன?

செனட் என்றதும் வாஷிங்டனில் இருக்கும் நாட்டின் செனட் நினைவுக்கு வரும். இது வேறு. அமெரிக்காவில் ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் சட்டமன்றத்துக்கு ரெண்டு அவைகள் உண்டு. கீழவை, மேலவை. அந்த மேலவைதான் மாநில செனட். தமிழ்நாட்டிலும் 1986 வரை மேலவை இருந்தது. ஆனால் பெரிய வித்தியாசம் ஒன்று. நம் மேலவை உறுப்பினர்களை எம்எல்ஏக்கள், உள்ளாட்சி உறுப்பினர்கள், பட்டதாரிகள், ஆசிரியர்கள் போன்றோர் தேர்ந்தெடுப்பார்கள், சிலர் நியமனம். அமெரிக்க மாநில செனட்டருக்கு மக்களே தொகுதி வாரியாக நேரடியாக ஓட்டுப் போடுகிறார்கள்.

டெக்சஸ் செனட்டில் மொத்தம் 31 இடங்கள். அவ்வளவு பெரிய மாநிலத்துக்கு 31 பேர்தான் என்பதால் ஒவ்வொருவருக்கும் அதிகாரம் அதிகம்.

1962-லும் 1964-லும் ஏன் தோற்றார்?

முதல் ரெண்டு முறை அவர் நின்றது கீழவைக்கு. 1962-ல் வேட்புமனுக் கட்டணமே 500 டாலர். புதிதாகத் தொழில் தொடங்கிய வக்கீலுக்கு அது பெரிய தொகை. இருந்தாலும் நின்றார்.

பிரச்சினை எங்கே என்றால், ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டி முழுவதும் ஒரே தொகுதி. கவுண்டிக்குப் பல எம்எல்ஏ இடங்கள் உண்டு. ஆனால் அவை தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கப்படவில்லை. ஒவ்வொரு இடத்துக்கும் மொத்தக் கவுண்டியும் ஓட்டுப் போடும்.

இதை இப்படி யோசித்துப் பாருங்கள். ஒரு மாநகராட்சியில் பத்து வார்டு இருக்கிறது. ரெண்டு வார்டில் ஒரு சமூகத்தினர் அடர்த்தியாக வாழ்கிறார்கள். வார்டு வாரியாகத் தேர்தல் நடந்தால் அவர்களுக்கு ரெண்டு கவுன்சிலராவது கிடைப்பார்கள். பத்து கவுன்சிலர்களையும் மொத்த ஊரும் சேர்ந்து தேர்ந்தெடுத்தால்? பெரும்பான்மைச் சமூகம் நினைத்தால் பத்துமே அவர்களுக்குத்தான். யாரும் ஓட்டைத் திருட வேண்டியதில்லை. கள்ள ஓட்டு வேண்டாம். ஏற்பாடே வேலையை முடித்துவிடும்.

ஹாரிஸ் கவுண்டியில் அப்போது கறுப்பினத்தவர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. 1962-ல் பார்பரா சுமார் 46 ஆயிரம் ஓட்டு வாங்கினார். அவர் சமூகத்தினர் கிட்டத்தட்ட மொத்தமாக அவருக்குப் போட்டார்கள். வெள்ளையர் பகுதிகளில், தாராளவாதிகள் என்று சொல்லிக்கொண்டவர்கள் வாழ்ந்த இடங்களில்கூட, எதிர்பார்த்த ஓட்டு விழவில்லை. வில்லிஸ் வாட்லி என்ற வெள்ளை இன வக்கீல் ஜெயித்தார். 1964-ல் மறுபடியும் அதே வாட்லி. மறுபடியும் தோல்வி.

இதோடு ஓட்டு வரி வேறு. டெக்சஸில் ஓட்டுப் போட வேண்டுமென்றால் வருஷா வருஷம் ஒன்றரை டாலருக்கு மேல் வரி கட்டி ரசீது வைத்திருக்க வேண்டும். அதுவும் ஜனவரி முடிவதற்குள், தேர்தல் சூடு பிடிக்கும் முன்பே கட்டிவிட வேண்டும். தினக்கூலி வாங்குபவர் எத்தனை பேர் மே மாதத் தேர்தலுக்காக ஜனவரியிலேயே பணம் எடுத்து வைப்பார்கள்?

ரெண்டு தோல்விக்குப் பிறகு அறிவுரைகள் வரிசை கட்டின. இதெல்லாம் நமக்கு எதுக்கு, கல்யாணம் பண்ணிக்கிட்டு செட்டில் ஆகு என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள். ஊரை விட்டே போய், வடக்கே எங்கேயாவது அரசியல் செய்தால் என்ன என்றும் அவர் யோசித்தார். கடைசியில் எங்கேயும் போகவில்லை.

என்ன மாறியது?

மூன்று விஷயங்கள், வரிசையாக.

ஒன்று, நீதிமன்றம் தொகுதி வரைபடத்துக்குள் வந்தது. தொகுதி பிரிப்பதில் நீதிமன்றம் தலையிடலாம் என்று 1962-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. 1964 ஜூனில் அடுத்த தீர்ப்பு: மாநிலத்தின் ரெண்டு அவைகளிலுமே தொகுதிகள் மக்கள்தொகைப்படி ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஓர் ஆளுக்கு ஓர் ஓட்டு, எல்லா ஓட்டுக்கும் ஒரே மதிப்பு.

டெக்சஸில் அதன் அர்த்தம் என்ன என்பதைக் கணக்குப் போட்டால் புரியும். 1960 கணக்கெடுப்பில் மாநில மக்கள்தொகை சுமார் 95.8 லட்சம். செனட் இடங்கள் 31. சமமாகப் பிரித்தால் ஒரு செனட்டருக்கு ஏறக்குறைய 3.1 லட்சம் பேர். ஹாரிஸ் கவுண்டியில் மட்டும் 12.4 லட்சத்துக்கும் மேல். நியாயமாக நான்கு செனட்டர்கள் வர வேண்டும். இருந்தது ஒன்றே ஒன்று. எந்தக் கவுண்டிக்கும், அது எவ்வளவு பெரியதாக இருந்தாலும், ஒரு செனட்டருக்கு மேல் கூடாது என்று மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். நகரத்தின் எடையைக் கிராமப்புறத் தலைவர்கள் அப்படிக் கட்டிப் போட்டிருந்தார்கள். 1965-ல் ஃபெடரல் நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்றது. புதிய வரைபடம் வந்தது.

ரெண்டாவது, அந்தப் புதிய வரைபடத்தில் 11-வது செனட் தொகுதி. பார்பரா வளர்ந்த ஐந்தாவது வார்டும் அதில் வந்தது. கறுப்பினத்தவர் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். மீதியில் ஸ்பானிஷ் பேசும் மெக்சிகோ வம்சாவளியினர், உருக்காலை போன்றவற்றில் வேலை பார்த்த வெள்ளை இனத் தொழிலாளர்கள். அவர் தன் பழைய முடிவுகளை எடுத்துப் பார்த்தார். ரெண்டு தோல்வியிலும் அவர் முன்னிலை வாங்கிய வாக்குச்சாவடிகளில் பெரும்பாலானவை இந்த ஒரே தொகுதிக்குள் வந்திருந்தன. தோற்ற வேட்பாளருக்கு, தோற்ற தேர்தல்களின் தாளே நம்பிக்கை கொடுத்தது.

மூன்றாவது, ஓட்டு வரி ஒழிந்தது. நாட்டு அளவிலான தேர்தல்களுக்கு 1964-லேயே அது நீக்கப்பட்டுவிட்டது. மாநிலத் தேர்தல்களுக்கு மட்டும் டெக்சஸ் விடாமல் பிடித்து வைத்திருந்தது. 1966 பிப்ரவரியில் ஃபெடரல் நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. மார்ச்சில் உச்ச நீதிமன்றம், வேறொரு மாநிலத்தின் வழக்கில், நாடு முழுவதும் ஓட்டு வரியே கூடாது என்றது. மே மாதம் தேர்தல்.

1966 களம் எப்படி இருந்தது?

எதிரே நின்ற ஜே.சி. விட்ஃபீல்டு ஏற்கெனவே எம்எல்ஏ. தொழிலாளர் ஆதரவாளர் என்று பெயர் எடுத்தவர். அதனால் கொள்கையை வைத்து இவரைப் பின்னோக்கிப் பார்ப்பவர் என்று சொல்லிவிட முடியாது. போட்டி வேறு இடத்தில் நடந்தது.

பார்பராவுக்கு ஓட்டுப் போடச் சொல்பவர்கள் நிறத்தைப் பார்த்து மொத்தமாக ஓட்டுப் போடச் சொல்கிறார்கள் என்று விட்ஃபீல்டு தரப்பு பிரசாரம் செய்தது. பார்பரா தற்காத்துப் பேசவில்லை. நேராகத் திருப்பிக் கேட்டார். இத்தனை வருஷமாக வெள்ளையர்கள் வெள்ளையருக்கே மொத்தமாகப் போட்டபோது அதை யாரும் சாதி ஓட்டு மாதிரிப் பேசவில்லையே, இப்போது மட்டும் ஏன் என்பதுதான் அவர் கேள்வி. 

பேச்சோடு நிற்கவில்லை. ஓட்டுச்சீட்டு எப்படி இருக்கும், அவர் பெயர் எங்கே வரும், எப்படிக் குறிக்க வேண்டும் என்று மாதிரிச் சீட்டுகளை ஆயிரக்கணக்கான வீடுகளுக்குத் தபாலில் அனுப்பினார். முதல் முறையாக வரி கட்டாமல் ஓட்டுப் போட வருபவர்கள் பலர். அவர்கள் தயங்கக் கூடாது, ஓட்டு செல்லாமல் போகக் கூடாது. 1960-ல் தெருத்தெருவாகக் கற்ற பாடம் அது.

முடிவு: எதிராளியின் ஓட்டைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு. 1883-க்குப் பிறகு டெக்சஸ் செனட்டில் உட்கார்ந்த முதல் கறுப்பினத்தவர். அந்த அவையின் முதல் கறுப்பினப் பெண். அதே வருஷம் கீழவைக்கும் ஹூஸ்டனிலிருந்து கர்ட்டிஸ் கிரேவ்ஸ், டாலஸிலிருந்து ஜோசப் லாக்ரிட்ஜ் என்ற ரெண்டு கறுப்பினத்தவர்கள் தேர்வானார்கள். திடீரென்று ஒரே வருஷத்தில் திறமைசாலிகள் முளைத்துவிடவில்லை. இருந்தவர்களுக்கு வழி திறந்தது.

முக்கியப் பிரச்சினைகளில் அவர் நிலைப்பாடு என்ன?

ஓட்டுரிமை: ஓட்டர் பட்டியலில் பெயர் சேர்ப்பதை யாரும் கடினமாக்கக் கூடாது என்பதில் அவர் அசையவே இல்லை. ஓட்டு வரி போன பிறகு, பதிவு விதிகளை இறுக்கி அதே வேலையைச் செய்யப் பார்த்தவர்களை எதிர்த்தார்.

கூலி: ஃபெடரல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் எல்லோரையும் காப்பாற்றவில்லை. சலவைக்கூட வேலையாட்கள், பண்ணைக் கூலிகள் போன்றவர்கள் அதற்கு வெளியே இருந்தார்கள். அவர்களுக்காக மாநில அளவில் ஒரு சட்டம் வேண்டும் என்றார். டெக்சஸின் முதல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1969-ல் வந்ததில் அவர் பங்கு பெரியது.

விபத்து இழப்பீடு: வேலையில் அடிபட்ட தொழிலாளிக்குக் கிடைக்கும் தொகையை உயர்த்த வேண்டும் என்றார், அதிலும் வெற்றி கிடைத்தது.

வேலையில் பாகுபாடு: நிறம் பார்த்து ஆள் எடுப்பதைக் கண்காணிக்க மாநிலத்தில் ஓர் ஆணையம் வேண்டும் என்பதும், அரசு போடும் ஒப்பந்தங்களில் பாகுபாடு கூடாது என்ற நிபந்தனை இருக்க வேண்டும் என்பதும் அவர் முன்வைத்தவை.

வரி: நகரங்கள் விற்பனை வரி போட அனுமதிக்கும் மசோதாவை எதிர்த்துத்தான் அவர் செனட்டில் முதல் முறையாகப் பேசினார். ஒரு ரொட்டிக்குப் பணக்காரரும் ஏழையும் ஒரே வரி கட்டினால், சுமை யாருக்கு அதிகம் என்பது அவர் வாதம். அந்த மசோதா அவர் எதிர்ப்பையும் மீறி நிறைவேறியது.

அவைக்குள் எப்படி வேலை செய்தார்?

1967 ஜனவரியில் அவர் உள்ளே நுழைந்தபோது மற்ற 30 பேரும் ஆண்கள். பார்வையாளர் மாடம் முழுக்க அவர் ஊர் மக்கள். சத்தமாகக் கைதட்டினார்கள். அவர் நிமிர்ந்து பார்த்து, உதட்டில் விரல் வைத்து அமைதி என்று சைகை காட்டினார். மாடத்தில் கோஷம் போடக் கூடாது என்பது அவை விதி. முதல் நாளே விதியைப் படித்துவிட்டு வந்திருந்தார் என்பது அங்கிருந்தவர்களுக்குப் புரிந்தது.

விதி தெரிந்ததுதான் அவருடைய பலம். டெக்சஸ் செனட்டில் ஒரு மசோதாவை வழக்கமான வரிசையை மீறி எடுத்துக்கொள்ள மூன்றில் ரெண்டு பங்கு, அதாவது 21 பேர் சம்மதம் வேண்டும். அன்றைய நடைமுறையில் ஏறக்குறைய எல்லா மசோதாவும் அந்த வழியில்தான் வரும். அப்படியென்றால் 11 பேர் ஒன்றாக நின்றால் எதையும் நிறுத்திவிடலாம். பல தலைமுறையாகப் பழமைவாதிகள் பயன்படுத்திய ஆயுதம் அது. ஓட்டர் பதிவை இறுக்கும் மசோதா வந்தபோது, பார்பரா ஒவ்வொருவரிடமாகப் பேசி அந்த எண்ணிக்கையைச் சேர்த்தார். அவையில் சண்டை எதுவும் நடக்கவில்லை. மசோதா எழுந்திருக்கவே இல்லை.

எதிர்க்கருத்து உள்ளவர்களோடும் நன்றாகப் பழகினார். டார்சி ஹார்டுமன் போன்ற பழமைவாத மூத்தவர்கள் முதலில் விலகி நின்று, பிறகு நண்பர்கள் ஆனார்கள். செனட்டர்களின் விருந்துகளில் கிதார் வாசித்துப் பாடுவார். வெளியே தெருவில் போராட்டக் காலம். உள்ளே ஒரே ஒரு ஆளாகக் கூச்சல் போட்டு என்ன கிடைக்கும் என்பது அவர் கணக்கு. அது சரியா என்று அப்போதே கேள்விகள் இருந்தன.

அவர் மேல் என்ன விமர்சனம்?

இதைச் சொல்லாமல் விட்டால் கதை முழுமை ஆகாது.

1970 கணக்கெடுப்புக்குப் பிறகு டெக்சஸுக்கு நாடாளுமன்றக் கீழவையில் ஓர் இடம் கூடுதலாகக் கிடைத்தது. மறுபடியும் கோடு போடும் வேலை. துணை ஆளுநர் பென் பார்ன்ஸ் அவருக்கு நெருக்கம். தொகுதி மறுவரையறைக் குழுவின் துணைத் தலைவராக பார்பராவை நியமித்தார். ஹூஸ்டன் மையத்தில் 18-வது நாடாளுமன்றத் தொகுதி உருவானது. 1972-ல் அதில் நின்றவர் யார்? பார்பராவேதான்.

அதே சமயம், அவர் இருந்த மாநில செனட் தொகுதியின் கோடும் மாறியது. கறுப்பின ஓட்டுகள் பிரிந்து போயின. இனி அங்கிருந்து இன்னொரு கறுப்பினத்தவர் செனட்டுக்கு வருவது கஷ்டம் என்ற நிலை. வாஷிங்டன் போவதற்காக சொந்த மக்களின் செனட் இடத்தை விட்டுக் கொடுத்துவிட்டார் என்று, 1966-ல் அவரோடு தேர்வான அதே கர்ட்டிஸ் கிரேவ்ஸ் குற்றம் சாட்டினார். உட்கட்சித் தேர்தலில் எதிர்த்து நின்று, பெரிய வித்தியாசத்தில் தோற்றார்.

மாநில செனட் வரைபடத்தை இறுதியாகப் போட்டது, சட்டமன்றம் தன் வேலையை முடிக்காததால் கூடிய ஐந்து அதிகாரிகள் கொண்ட தனி வாரியம். அதில் பார்பரா உறுப்பினர் இல்லை. ஆனால் பார்ன்ஸ் இருந்தார். கிரேவ்ஸ் சொன்னது முழுக்க உண்மையா என்பது வாதத்துக்குரியது. விளைவு வாதத்துக்குரியது அல்ல. பார்பரா போன பிறகு, 1983 வரை டெக்சஸ் செனட்டில் ஒரு கறுப்பினத்தவர்கூட இல்லை. பத்து வருஷ வெற்றிடம். கோட்டால் ஜெயித்தவரின் காலத்திலேயே, கோட்டால் அந்த இடம் போனது.

பிறகு என்ன ஆனார்?

1972 மார்ச்சில் சக செனட்டர்கள் அவரை அவையின் தற்காலிகத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆளுநரும் துணை ஆளுநரும் மாநிலத்துக்கு வெளியே இருந்தால் அந்தப் பதவியில் இருப்பவர்தான் ஆளுநர். மரபுப்படி ஜூன் 10-ம் தேதி ஒருநாள் ஆளுநராக இருந்தார். அதைப் பார்க்க அப்பா பெஞ்சமின் ஆஸ்டினுக்கு வந்திருந்தார். விழா நாளன்றே அவருக்குப் பக்கவாதம். மறுநாள் இறந்துவிட்டார். மகள் ஆளுநராக இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

1973-ல் நாடாளுமன்றம். 1974 ஜூலை 25-ம் தேதி நீதித்துறைக் குழுவில் வாட்டர்கேட் உரை. அரசியல் சட்டம் எழுதப்பட்டபோது தன்னைப் போன்றவர்கள் அதில் சேர்க்கப்படவில்லை, இருந்தும் அதன் மேல் தன் நம்பிக்கை முழுமையானது என்ற பொருளில் அவர் பேசியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. ஆகஸ்ட் 9-ல் நிக்சன் பதவி விலகினார். 1976-ல் ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாட்டில் முக்கிய உரை.

அந்த ரெண்டுக்கும் நடுவே அவர் செய்த ஒரு வேலைக்கு அவ்வளவு வெளிச்சம் இல்லை. 1975-ல் ஓட்டுரிமைச் சட்டம் நீட்டிக்கப்பட்டபோது, டெக்சஸும் அதன் கடுமையான பிரிவுக்குள் வரப் பாடுபட்டார். ஸ்பானிஷ் பேசுபவர்கள் போன்ற மொழிச் சிறுபான்மையினருக்கும் பாதுகாப்பு கிடைத்தது. அதன் பிறகு டெக்சஸ் தன் தொகுதிக் கோட்டையோ தேர்தல் விதியையோ மாற்ற வேண்டுமென்றால் வாஷிங்டனில் முன் அனுமதி வாங்க வேண்டும். சொந்த மாநிலத்தையே கண்காணிப்பில் வைத்த சட்டத்துக்கு, அந்த மாநிலத்தின் பிரதிநிதியே வாதாடினார்.

நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் நோய் அவரைப் படிப்படியாக சக்கர நாற்காலிக்குக் கொண்டு போனது. 1979-ல் நாடாளுமன்றத்தை விட்டு விலகி, ஆஸ்டினில் பேராசிரியர் ஆனார். 1994-ல் நாட்டின் மிக உயர்ந்த குடிமக்கள் விருதான அதிபர் சுதந்திரப் பதக்கம். 1996 ஜனவரி 17-ம் தேதி, 59 வயதில் மறைந்தார். டெக்சஸ் மாநிலக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்ட முதல் கறுப்பினப் பெண் அவர். உயிரோடு இருந்தபோது பல வாசல்களில் முதல் ஆள். கடைசி வாசலிலும் அப்படியே.

இன்றைக்கு ஏன் இது முக்கியம்?

அவர் வாங்கிக் கொடுத்த அந்த முன் அனுமதி ஏற்பாட்டை 2013-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு செயலிழக்கச் செய்தது. 2025-ல் டெக்சஸ் தன் நாடாளுமன்றத் தொகுதிகளைப் பத்தாண்டின் நடுவிலேயே மறுபடி வரைந்தது. ஹூஸ்டனின் 18-வது தொகுதியும் அதில் தப்பவில்லை. வழக்குகள் தொடர்ந்தன.

பார்பரா ஜோர்டனின் கதையை விடாமுயற்சிக் கதையாகச் சொல்லிவிட்டுப் போயிடலாம். ரெண்டு முறை தோற்றும் விடவில்லை, மூன்றாவது முறை ஜெயித்தார் என்று. அது பொய் இல்லை. ஆனால் பாதிக் கதை. 1962-ல் அவருக்குத் திறமை குறைவாக இருக்கவில்லை. 1964-ல் உழைப்பு குறைவாக இருக்கவில்லை. பழைய கோடு அப்படியே இருந்திருந்தால், 1966-லும் தோற்றிருப்பார். நமக்கு இன்று அவர் பெயரே தெரிந்திருக்காது. அவரைப் போன்ற எத்தனை பேர் அந்தப் பழைய கோட்டுக்குள்ளேயே தோற்று, வீட்டுக்குப் போய், கணக்கில் வராமல் போனார்கள் என்பதுதான் யாராலும் எண்ண முடியாத எண்ணிக்கை.

அடுத்த முறை தொகுதி வரைபடம் பற்றிய செய்தி வந்தால், அது அதிகாரிகள் சமாச்சாரம் என்று தாண்டிப் போகாதீர்கள். யார் ஊர் எந்தப் பக்கம் போகிறது, யார் தெரு ரெண்டாக உடைகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.